விடுதியில் ஒப்படைத்த பெட்டி

நம் ஊரில் ‘ஹோட்டல்’ என்றால் இட்டிலியும் காப்பியும் கிடைக்கும் இடம். டில்லிக்கோ மும்பைக்கோ பிழைக்க வந்தபின்னரே, அச்சொல் தங்கும் விடுதியையும் குறிப்பது நமக்குப் பழக்கமாகிறது. சொல் பழகிவிட்டாலும், அங்கே தங்குபவருக்குள்ள உரிமைகளை நம்மில் பலர் அறிந்துகொள்வதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் சிற்றப்பா மருத்துவப் பரிசோதனைக்காக டில்லிக்கு வந்திருந்தார். என் வீட்டில் இடம் போதாமையால் கரோல்பாகில் ஒரு விடுதியில் தங்கினார். ஊர் திரும்பும் நாளன்று நண்பகலில் அறையைக் காலி செய்தார், ரயிலோ இரவில். ஆகவே பெட்டியை வரவேற்பு மேசையில் ஒப்படைத்து, சீட்டும் பெற்றுக்கொண்டு, என்னுடன் மருத்துவமனைக்கு வந்தார். மாலையில் திரும்பியபோது பெட்டியைக் காணோம். அதனுள் அவருடைய பல்லாண்டு மருத்துவக் குறிப்புகள் அனைத்தும் இருந்தன. மேசையில் இருந்தவர் சுவரில் தொங்கிய பலகையைச் சுட்டிக்காட்டினார்: ‘உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.’

“எழுதியே வைத்திருக்கிறார்களே, தம்பி! நாம் என்ன செய்வது?” என்று சிற்றப்பா தளர்ந்துபோனார்.

அன்பர்களே, அந்தப் பலகையே இறுதித் தீர்ப்பு அன்று. பிறர் பொருளைத் தம் பாதுகாப்பில் ஏற்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பது போல அதைக் காக்க வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் விதிக்கும் கடமை. 1998-இல் டில்லியிலுள்ள ஒரு பெரிய விடுதியில், விருந்தினர் ஒருவர் சாவியுடன் ஒப்படைத்த கார் திருட்டுப் போயிற்று. ‘உரிமையாளர் பொறுப்பிலேயே நிறுத்தப்படுகிறது’ என்று சீட்டில் அச்சிட்டிருந்ததை விடுதியார் காட்டினர். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. பொருளை ஏற்றுக்கொண்டபின் அது தொலைந்தால், தம்மிடம் கவனக்குறைவு இல்லை என்று விடுதியாரே மெய்ப்பிக்க வேண்டும். தம் கவனக்குறைவுக்கான பொறுப்பை அச்சிட்ட வாசகத்தால் கழித்துவிட முடியாது என்று தீர்ப்பளித்தது.

இதனை நான் மேலாளரிடம் அமைதியாக எடுத்துரைத்தேன். அதன் பின்னரே அவர் பதிவேட்டைப் புரட்டினார். வேறொரு விருந்தினரின் சாமான்களோடு பெட்டி சென்றுவிட்டது தெரிந்தது. மறுநாள் காலையில் அது திரும்பி வந்தது. ரயில் தவறியதற்காக அன்றிரவு அறைக்கு வாடகை கேட்கவில்லை.

ஆகவே, பொருளை ஒப்படைக்கும்போது சீட்டுப் பெறத் தவறாதீர்கள். விடுதியார் ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்கு அதுவே சான்று. அறையிலேயே விட்டுச் சென்ற பொருளுக்கு அச்சான்று கிடைப்பது அரிது. பணமும் நகையும் மருத்துவக் குறிப்பும் கைப்பையிலேயே இருக்கட்டும். முறையீடு பயனளிக்காவிடில், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கலாம்.

சிற்றப்பாவின் பெட்டியை மீட்டுத் தந்தது என் வாதத்திறமை அன்று. அவர் சட்டைப்பையில் பத்திரமாக மடித்து வைத்திருந்த அந்தச் சிறு சீட்டேயாகும்.