கீறல் விழாமல் திறக்கும் பூட்டு

பரண்மேல் கிடந்த டிரங்குப் பெட்டியின் சாவி தொலைந்துவிட்டது. தெருமுனையில் சாவி செய்பவரை அழைத்து வந்தேன். சாவித் துளையை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு தகரத் துண்டை எடுத்தார். வளையம் பூட்டுக்குள் இறங்கும் இடுக்கில் செருகி லேசாகத் திருகினார். 'டக்'. அவ்வளவுதான். "பூட்டு நல்லாத்தான் சார் இருக்கு, தூக்கிப் போட்டுடாதீங்க" என்றார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், வெளியே ஒரு கீறல் இல்லை.

வளையத்தை அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டுகள் பலவற்றில், ஸ்பிரிங் வைத்த நாக்கு ஒன்று உள்ளே இருக்கும். வளையத்தில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் அது விழுந்தால் பூட்டு. தகரம் அந்த நாக்கைப் பின்னுக்குத் தள்ளிவிட்டால் சாவிக்கு வேலையே இல்லை. ஐந்து பின், ஏழு லீவர் என்று அட்டையில் போட்டிருப்பதெல்லாம் வீண். சாவியைத் திருப்பினால்தான் பூட்டும் வகையில் இந்த நாக்கு கிடையாது. கடையில் வாங்கும்போதே வளையத்தை அழுத்திப் பார்த்துவிடலாம். எண் பூட்டு? மூன்று சக்கரத்துக்கு மொத்தம் 1,000 எண்கள். பொறுமைசாலிக்கு அரை மணி நேர வேலை.

கீறல் இல்லையே என்று நான் அன்று சந்தோஷப்பட்டேன். திருட்டுப் போன வீட்டில் அதுவே வினையாகும். 'பர்க்ளரி' காப்பீட்டுப் பாலிசிகள் பலவற்றில், பலத்தைப் பயன்படுத்தி உள்ளே நுழைந்திருந்தால்தான் இழப்பீடு என்று எழுதியிருக்கும். பாலிசியில் அப்படி எழுதியிருந்தால் அதன்படிதான் என்று உச்ச நீதிமன்றமும் 2004-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பூட்டு உடையவில்லை, கதவு பெயரவில்லை என்றால் கம்பெனி கையை விரிக்க வழி கிடைக்கிறது. பாலிசி எடுக்கும்போதே, உடைப்பு இல்லாத சாதாரணத் திருட்டுக்கும் பணம் உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முகவரின் வாய்வார்த்தை பிறகு உதவாது.

திருட்டு நடந்துவிட்டால், பதற்றத்தில் பலரும் முதலில் பூட்டைத்தான் மாற்றுகிறார்கள். பழையதைத் தொடாதீர்கள். 112-க்குச் சொல்லிவிட்டு, கதவு இருந்தபடியே படம் எடுத்து வையுங்கள். கம்பியோ தகரமோ நுழைந்திருந்தால் பூட்டின் உட்புறத்தில் தடம் விழுந்திருக்கலாம். நுண்ணோக்கியில் தடயவியலாளர்களுக்கு அது தெரியும். ஆகவே பூட்டையும் கைப்பற்றும்படி போலீஸாரிடம் கேளுங்கள், அது எந்த நிலையில் இருந்தது என்பதையும் புகாரில் எழுதுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகக் கிடைக்க வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்பவும் முடியாது. பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அங்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

காப்பீட்டுக் கம்பெனியிடம் எழுத்தில் முறையிட்டும் ஒரு மாதத்துக்குள் பதில் இல்லை, அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால் காப்பீட்டு ஓம்பட்ஸ்மேன் இருக்கிறார். மறுப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நுகர்வோர் ஆணையம் தனி வழி.

டிரங்குப் பெட்டிக்கு அந்தப் பழைய பூட்டே போதும் என்று விட்டுவிட்டேன். வாசல் கதவுக்கு மட்டும், சாவியைத் திருப்பினால்தான் பூட்டும் கனமான பூட்டு ஒன்று வாங்கினேன். மாட்டும்போதுதான் கவனித்தேன்: நாதாங்கியின் நான்கு திருகாணிகளும் கதவுக்கு வெளியே பல்லிளித்துக்கொண்டிருந்தன. ஒரு திருப்புளி போதும், பூட்டோடு சேர்த்தே கழற்றிவிடலாம். மறுநாள் ஆசாரியை வரவழைத்து, கதவைத் துளைத்து போல்ட் போட்டு, நட்டை உள்பக்கம் முடுக்கச் சொன்னேன்.