ஜாமீன் கிடைக்காத வழக்கில் ஜாமீன் எப்போது?

"உள்ள போனாலும் ரெண்டே நாள்ல பெயில்ல வந்துடலாம் மச்சி." சினிமா பார்த்துப் பார்த்து நம்ம எல்லோருக்கும் இப்படி ஒரு நினைப்பு. ஆனால் போதைப்பொருள் வழக்கு அப்படி இல்லை.

பொதுவாக நம் நீதிமன்றங்கள் சொல்வது, ஜாமீன்தான் விதி, சிறை விதிவிலக்கு. 1985-ல் வந்த என்.டி.பி.எஸ். சட்டத்தின் 37-வது பிரிவு இதைத் தலைகீழாக்கிடுது.

இதில் முதலில் பார்ப்பது எடை. கஞ்சா 1 கிலோ வரை 'சிறிய அளவு', 20 கிலோவைத் தாண்டினால் 'வணிக அளவு'. எம்.டி.எம்.ஏ.வுக்கு அரை கிராமும் 10 கிராமும்தான் எல்லை. வேறு பொருள் கலந்திருந்தாலும் மொத்த எடையைத்தான் கணக்கில் எடுக்கணும்னு 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. வணிக அளவுக்குக் குறைந்தபட்ச தண்டனையே 10 வருஷம்.

அந்த அளவு வழக்கில் அரசு வழக்கறிஞர் ஜாமீனை எதிர்த்தால், நீதிபதிக்கு ரெண்டு விஷயத்தில் திருப்தி வரணும். ஒன்று, இவர் குற்றவாளி இல்லைன்னு நம்ப நியாயமான காரணம் இருக்கணும். ரெண்டு, வெளியே வந்தால் குற்றம் செய்ய மாட்டார்னு தெரியணும். விசாரணையே முடியாதப்போ இதை எப்படிக் காட்டுவது? எக்ஸாம் எழுதும் முன்பே ரிசல்ட் கேட்கிற கதைதான்.

அப்போ வழியே இல்லையா? மூணு வழி இருக்கு.

முதலாவது, ஆதாரம் பலவீனமாக இருப்பது. இந்தச் சட்டத்தின் அதிகாரிகளிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாதுன்னு 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு.

இரண்டாவது, கெடு. 180 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. நீதிமன்றம் அனுமதித்தால் மட்டும் இந்தக் கெடு ஒரு வருஷம் வரை நீளும்.

மூன்றாவதுதான் முக்கியம்: தாமதம். டெல்லியில் 180 கிலோ கஞ்சாவோடு சிலர் பிடிபட்ட வழக்கில், 23 வயசுப் பையன் ஒருவரும் கைதானார். அவரிடமிருந்து எதுவும் கைப்பற்றப்படவில்லை. பிடிபட்டவர் சொன்னதை வைத்துத்தான் கைது. ஏழு வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்தும் விசாரணை பாதிதான் முடிந்திருந்தது. 2023 மார்ச்சில் நீதிபதிகள் ரவீந்திர பட், தீபாங்கர் தத்தா அமர்வு அவருக்கு ஜாமீன் கொடுத்தது. 37-வது பிரிவை எழுத்துக்கு எழுத்து படித்தால் யாருக்குமே ஜாமீன் கிடைக்காது; நியாயமற்ற தாமதம் இருந்தால் அந்தப் பிரிவு தடையாகாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் விரைவான விசாரணையும் அடக்கம்.

ஜாமீன் கிடைத்தால் விடுதலைன்னு அர்த்தம் இல்லை. வழக்கு தொடர்ந்து நடக்கும். இன்னொன்றும் இருக்கு: பொருள் உங்கள் கையில் சிக்கினால், உள்ளே என்ன இருக்குன்னு தெரியாது என்பதை நீங்கள்தான் நிரூபிக்கணும். அதனால் "இந்தப் பார்சலைக் கொஞ்சம் வெச்சிரு"ன்னு யாராவது கொடுத்தால், திறந்து காட்டச் சொல்லுங்க.

போதைப்பொருள் கடத்துபவர்கள் மேல் கடுமை வேண்டும், சரி. ஆனால் ஏழு வருஷம் என்பது கிட்டத்தட்ட ரெண்டு பி.இ. டிகிரி. கடைசியில் நிரபராதின்னு தீர்ப்பு வந்தால், அந்த வருஷங்களை எந்தக் கோர்ட்டும் திருப்பித் தர முடியாது.