வீட்டிலிருந்தே குணமாகலாம்

"சளியில காசநோய்க் கிருமி இருக்காம். கைக்குழந்தையைப் பிரிச்சு அம்மா வீட்டுக்கு அனுப்பிடணுமாக்கா?" சேந்தமங்கலத்தில் அடுத்த வீட்டுப் பெண் கண் கலங்கினாள். மாமியாரோ அதற்குள் அவளுடைய தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார்.

கலங்க வேண்டாம், சகோதரிகளே! 1956-ல் தொடங்கி, சென்னையில் 193 நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வீட்டிலும், மற்றவர்களுக்கு சானடோரியத்திலும் ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் வெளியான முடிவுப்படி, வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். அவர்கள் வீட்டாருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

இந்நோய் பரவுவது காற்றில். தட்டிலும் டம்ளரிலும் அல்ல. ஆகவே முதல் சில வாரங்கள் தனியறையில் படுங்கள். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். இருமும்போது வாயை மூடுங்கள். முகக்கவசம் கட்டிக்கொண்டு தாய்ப்பால் கொடுக்கலாம். குழந்தைக்குத் தடுப்பு மருந்து பற்றி டாக்டரிடம் கேளுங்கள். வீட்டார் அனைவரும் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.

மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். வழக்கமாக ஆறு மாதம். இருமல் நின்றதே என்று பாதியில் விட்டால், மருந்துக்கு அடங்காத நோயாகத் திரும்பக்கூடும்.

மாமியார்மார்களே, தட்டைப் பிரிக்க வேண்டாம். "மாத்திரை போட்டியாம்மா?" என்று தினமும் கேளுங்கள், போதும்!