சென்னைக்கு எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம்?

சிங்கப்பூரிலிருந்து காலை 10 மணிக்குப் புறப்படும் விமானம் சென்னையில் பகல் 11.30 மணிக்கு இறங்குகிறது. சென்னையிலிருந்து காலை 10 மணிக்குப் புறப்படுவது இங்கு மாலை 4.30 மணிக்கு வந்து சேருகிறது. இப்படி ஒரு கணக்கை வகுப்பிலே கொடுத்துப் பாருங்கள். போக ஒன்றரை மணி, வர ஆறரை மணி என்று எழுதும் மாணவர் பலர் இருப்பர். அவர்கள் கழித்தலில் தவறவில்லை. வெவ்வேறு ஊர்க் கடிகாரங்களைக் கழித்துவிட்டனர், அவ்வளவே. சிவப்பு மையால் அடித்து 'நான்கு மணி' என்று எழுதிவிடுதல் எளிது. ஏன் நான்கு என்று கேட்டால் என்ன சொல்வது?

முதலில் தூரத்தைக் காண்போம். உருண்டையான பூமியின்மேல் இரண்டு ஊர்களுக்கு இடையேயுள்ள மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் ஒரு வில்லாகும். சென்னை விமான நிலையம் வட அட்சம் 13 பாகையிலும் கிழக்குத் தீர்க்கம் 80.2 பாகையிலும் உள்ளது. சாங்கி நிலையம் வட அட்சம் 1.4 பாகையிலும் கிழக்குத் தீர்க்கம் 104 பாகையிலும் உள்ளது. இவற்றை இணைக்கும் வில், பூமியின் மையத்தில் 26.3 பாகைக் கோணத்தை உண்டாக்கும். பாகைக்கு 60 கடல் மைல். ஆகவே தூரம் ஏறத்தாழ 1,580 கடல் மைல், அதாவது 2,925 கிலோமீட்டர்.

மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் இதைக் கடக்க 3 மணி 26 நிமிடம் போதும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், மேலேறுதல், இறங்குதல், வான்வழியின் வளைவுகள் ஆகியவை சேர்ந்து நான்கு மணியை எட்டிவிடும். காற்றும் சிறிது கூட்டும், குறைக்கும். தென்மேற்குப் பருவத்தில் தரையிலே மேற்கிலிருந்து காற்று வீச, தென்னிந்தியாவின்மேல் மிக உயரத்தில் கிழக்கிலிருந்து வேகமாக வீசுகிறது. இக்கீழைக் காற்றோட்டத்தைப் பற்றி இந்திய வானிலை அறிஞர் கோடீஸ்வரம் 1958-இல் எழுதினார். அம்மாதங்களில் அது சென்னை செல்லும் விமானத்தைப் பின்னின்று தள்ளும்.

இனிக் கடிகாரத்துக்கு வருவோம். சூரியன் ஒரு பாகையைக் கடக்க 4 நிமிடம் ஆகும். இரண்டு ஊர்களுக்கும் தீர்க்க வேறுபாடு 23.8 பாகை, எனவே சூரியக் கணக்கில் வேறுபாடு 1 மணி 35 நிமிடமே. கடிகாரமோ இரண்டரை மணி காட்டுகிறது! எஞ்சிய 55 நிமிடம் எங்கிருந்து வந்தது? சிங்கப்பூர் தன் நேரத்தை 104-ஆம் பாகைக்கு வைக்காமல், 120-ஆம் பாகைக்கு வைத்திருக்கிறது. அதனால் நம் கடிகாரம் சூரியனை விட 64 நிமிடம் முந்தி நிற்கிறது. இங்கே உச்சிவெயில் பகல் ஒரு மணியளவில் வருவதும் இதனாலேதான். இந்திய நேரம் 82.5 பாகைக்கு உரியது. ஆதலால் சென்னைக் கடிகாரம் முந்துவது 9 நிமிடம் மட்டுமே. 64-இல் 9 போக 55. கணக்குச் சரியாகிவிட்டது.

இந்த இரண்டரை மணியும் என்றும் இருந்ததன்று. 1982 சனவரி முதல் நாளன்றுதான் மலேசியத் தீபகற்பமும் சிங்கப்பூரும் தம் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளின. அதற்கு முந்திய ஆண்டுகளின் அட்டவணையில், நான்கு மணி பறந்த அதே விமானம் போக இரண்டு மணியும் வர ஆறு மணியும் எடுத்ததாகத் தோன்றும்.