ஷோரூமில் ஜில்லென்றிருந்த லெதர் சோபா வீட்டில் ஏன் ஒட்டுகிறது?

ஷோரூமில் ஏசி 24 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும். லெதர் சோபாவில் சாய்ந்ததும் முதுகு ஜில்லென்று குளிரும். அந்த ஒரு நிமிட சுகத்தை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருபவர்கள் பலர். அதே சோபா சென்னையில் உள்ள பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹாலுக்கு வந்துசேர்ந்த பிறகு, மே மாதப் பிற்பகலில் தொடையோடு ஒட்டிக்கொண்டு எழவிடாது.

நம் தோலின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 33, 34 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த பொருளைத் தொட்டால் உடம்பின் வெப்பம் அதற்குள் பாயும். துணியின் இழைகளுக்கு நடுவே காற்று நிறைய இருப்பதால் வெப்பம் மெதுவாகத்தான் போகும். நெருக்கமாகவும் வழவழப்பாகவும் இருக்கும் லெதரில் அது வேகமாகப் போகும். ஒரே அறையில் இருந்தாலும் துணி சோபாவைவிட லெதர் சோபா குளிர்ச்சியாகத் தெரிவது இதனால்தான். அறையின் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் எல்லாம் தலைகீழ். சோபாவிலிருந்து உடம்புக்கு வெப்பம் வரத் தொடங்கும். உடம்புக்கு மிச்சமிருக்கும் வழி வியர்ப்பது ஒன்றுதான். அந்த வியர்வை ஆவியாக வழியில்லாமல் நடுவில் தேங்கும்போது பிசுபிசுக்கிறது.

ஹால் சின்னதாக இருந்தால் சோபாவின் குணம் அறையின் குணமாகவே ஆகிவிடும். 7 அடி நீளமும் 3 அடி அகலமும் கொண்ட மூன்று பேர் சோபா 21 சதுர அடியை அடைக்கும். 120 சதுர அடி ஹாலில் இது ஆறில் ஒரு பங்குக்கும் மேல். வெளிச்சம், ஓசை, ஈரம் மூன்றிலும் அதன் கை ஓங்கியிருக்கும். அதனால் டிசைனுக்கு முன்னால் மேற்பரப்பைப் பார்க்க வேண்டும்.

முறுக்கிய புரதம்

லெதராகும் விலங்குத் தோலுக்கு வலிமை தருவது கொலாஜன் என்ற புரதம். மூன்று சங்கிலிகள் ஒன்றோடொன்று கயிறுபோல முறுக்கிக்கொண்டிருக்கும் அதன் அமைப்பை 1954-55-இல் உலகுக்கு முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகிவிடும். பதனிடும்போது இந்தச் சங்கிலிகளுக்கு நடுவே புதிய பிணைப்புகள் உண்டாகி அவை நிலைபெறுகின்றன. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடுவது நம் ஊரின் பழைய முறை. இன்று பெரும்பாலும் குரோமியம் உப்புதான். தண்ணீரில் சூடாக்கினால் பச்சைத் தோல் 60, 65 டிகிரியிலேயே சுருங்கிவிடும். நன்றாகக் குரோம் பதனிட்ட தோல் 100 டிகிரி வரைகூடத் தாங்கும். இந்த உறுதிக்கு, தோல் ஆலைக் கழிவு கலந்த பாலாறு கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கழிவு குறித்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது.

கொலாஜன் நீரை ஈர்க்கும் புரதம். பதனிட்ட பிறகும் அது நீராவியை உள்வாங்கி, காற்று உலரும்போது வெளியே விடும். இந்தக் குணம் சோபாவிலும் நீடிக்குமா என்பது மேலே என்ன பூசியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சாயம் மட்டும் ஏற்றிய அனிலின் லெதர் வியர்வையை ஓரளவு உறிஞ்சும். சிந்திய காபியையும் குழம்பையும் அதே ஆர்வத்தோடு உறிஞ்சிக் கறையாக்கிக்கொள்ளும். கனமான நிறப்பூச்சு போட்ட லெதரைத் துடைத்தால் போதும், ஆனால் வியர்வை தேங்கும். மெல்லிய பூச்சுள்ள செமி அனிலின் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஹாலிலேயே சாப்பிடும், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குப் பூச்சுள்ளதே ஏற்றது. கோடையில் மேலே ஒரு பருத்தி விரிப்பைப் போட்டுக்கொள்ளலாம்.

எது உரியும்?

கடையில் லெதர் என்ற பெயரில் பல பொருள்கள் நிற்கும். துணியின்மேல் பாலியூரித்தேன் பூசியது ஒன்று. தோல் துகள்களைப் பசையோடு சேர்த்து அழுத்தித் தாளாக்கி, மேலே அதே பூச்சைப் போட்டது இன்னொன்று. இதுதான் பாண்டட் லெதர். பாலியூரித்தேனில் பல வகைகளில் எஸ்டர் பிணைப்புகள் உண்டு. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் நீர் மூலக்கூறு அந்தப் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கும். கடலோர ஊர்களில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. சில வருடங்களில் கை வைக்கும் இடமும் தலை சாயும் இடமும் செதில் செதிலாக உரிவது இதனால்தான். என்ன தடவினாலும் அறுந்த பிணைப்பு ஒட்டாது.

வாங்கும்போது சோபாவின் அடிப்பக்கத்தையோ குஷன் ஜிப்பின் உட்புறத்தையோ திருப்பிப் பாருங்கள். மறுபக்கத்தில் துணி நெசவு தெரிந்தால் அது செயற்கை. வெல்வெட்போல இழை இழையாகத் தெரிந்தால் பெரும்பாலும் தோல். உட்காரும் இடத்தில் மட்டும் தோல், பக்கத்திலும் பின்னாலும் ரெக்சின் என்று தைத்து விற்பதும் உண்டு. அதனால் எல்லாப் பக்கத்தையும் கேட்டுப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

வெளிச்சமும் எதிரொலியும்

கரும்பழுப்பு லெதர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதற்கு ஈடுகொடுக்க வேண்டியவை சுவரும் கூரையும். ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் ஓபர்ஃபெல்டும் சக ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கூரையின் நிறம் வெளிறினால் அறை உயரமாகத் தெரிகிறது. சுவரின் நிறம் வெளிறினாலும் அப்படியே. ஆகவே கறுப்பு சோபாதான் பிடிக்கும் என்றால் வாங்கலாம். ஆனால் அடர்நிற ஃபால்ஸ் சீலிங்கையும் கூடவே போடக் கூடாது. ஐந்தாறு அங்குலக் கால் உள்ள சோபாவாக இருந்தால் அடியில் தரை தொடர்ந்து தெரியும். துடைப்பமும் உள்ளே போகும்.

ஓசை விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. இசையரங்குகளை அளந்து ஆராய்ந்த லியோ பெரானெக், காலி இருக்கைகளின் ஒலி உறிஞ்சும் திறனையும் கணக்கிட்டார். 1000 ஹெர்ட்ஸ் ஒலியில் துணி போர்த்திய இருக்கைகள் பத்தில் சுமார் ஒன்பது பங்கை உறிஞ்ச, லெதர் போர்த்தியவை ஆறு பங்கைத்தான் உறிஞ்சின. டைல்ஸ் தரை, பூசிய சுவர், கண்ணாடி ஜன்னல் உள்ள ஹாலில் மெத்தென்றிருந்த ஒரே பொருளையும் லெதராக்கினால் டிவி வசனம் கலங்கலாகக் கேட்கும். ஒரு பவானி ஜமக்காளமும் கனமான திரைச்சீலையும் இதில் ஓரளவு கைகொடுக்கும்.

வெயிலும் மழையும்

மேற்கு ஜன்னல் வழியாக வரும் வெயில் சாயத்தை வெளுக்கவைக்கும். பதனிடும்போது ஏற்றிய எண்ணெய்ப் பசையையும் வற்றவைக்கும்; பிறகு வெடிப்பு விழும். ஐப்பசி, கார்த்திகையில் ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். சோபாவைச் சுவரோடு ஒட்டாமல் மூன்று நான்கு அங்குலம் தள்ளிப் போட்டு, ஃபேன் காற்று பின்னாலும் போக விடுங்கள். தேங்காய் எண்ணெய் தேய்க்க வேண்டாம். அது தூசியைப் பிடித்துச் சிக்கு வாடை அடிக்கும். சாதாரண சோப்பும் ஆகாது. லெதர் லேசான அமிலத்தன்மை உள்ளது, சோப்போ காரத்தன்மை உள்ளது. பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும்.

இத்தனையையும் கூட்டிப் பார்த்தால் சின்ன ஹாலுக்குக் கணக்கு ஒரு பக்கமாகவே சாய்கிறது. அறையை நிறைக்கும் மலிவான எல் வடிவ சோபாவுக்குக் கொடுக்கும் பணத்தில், இரண்டு பேர் உட்காரும் அளவில் ஒரு நல்ல தோல் சோபாவும் இரண்டு பிரம்பு நாற்காலியும் வாங்க முடிகிறதா என்று விசாரியுங்கள். வெளிச்சத்தை விழுங்கும் பரப்பு குறையும். நடக்க வழி கிடைக்கும். பிற்பகல் புழுக்கத்தில் காற்றோட்டமான பிரம்பில் உட்கார்ந்துகொள்ளலாம்.