தீவாக்கம்: எரிவாயுவும் மாந்தோப்பும்

“நெலம் ஒம்பேர்லதான் இருக்கும், பட்டாவை யாரும் தொடமாட்டாங்கன்றாங்க தம்பி. ஆனா மரம் வெக்கக்கூடாது, கெணறு வெட்டக்கூடாது, ஒரு ரூமு கட்டக்கூடாது. அப்ப அது என்னா நெலம்?”

கிருஷ்ணகிரி மாவட்டத்து மா விவசாயி ஒருவர் என்னிடம் கேட்டது இது. பெங்களூரா மரங்களுக்கு நடுவே நின்றுகொண்டு கேட்டார். கேள்வி எளிமையானது. பதில் தேடிப் போனால் ஓசூர் சிப்காட்டிலோ பெங்களூரிலோ நின்றுவிட முடிவதில்லை. ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் கிடக்கும் ஒரு தீவுவரை போகவேண்டியிருக்கிறது.

கொச்சியிலிருந்து கூற்றநாடு வந்து, அங்கிருந்து ஒரு கிளை மங்களூருக்கும் மற்றொன்று பெங்களூருக்கும் போவதாகத் திட்டமிடப்பட்டது கெயில் நிறுவனத்தின் குழாய்ப் பாதை. பெங்களூர்க் கிளை தமிழ்நாட்டில் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்கள் வழியே சுமார் 310 கி.மீ. தூரம் செல்ல வேண்டும். குழாயில் போகவிருக்கும் வாயுவின் தொடக்கம் கொச்சி அல்ல. கொச்சி இறக்குமிடம் மட்டுமே. பெட்ரோநெட் நிறுவனம் 2009இல் எக்ஸான்மொபிலுடன் 20 ஆண்டு ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டது. ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டன். கொச்சி முனையத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட அந்த ஒப்பந்தத்தின் மூலம் கோர்கன் வாயு வயல். அதன் ஆலை பாரோ தீவில் இருக்கிறது.

இயற்கை எரிவாயுவைக் கப்பலில் ஏற்றுவது எளிதல்ல. அதைச் சுமார் மைனஸ் 162 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தால் திரவமாகும். கன அளவு 600இல் ஒரு பங்காகச் சுருங்கும். குளிர்விக்கும் முன் அதிலுள்ள நீரையும் கரியமில வாயுவையும் பிரித்துவிட வேண்டும், இல்லையெனில் அவை உறைந்து குழாய்களை அடைத்துக்கொள்ளும். இந்த வேலைக்காகத்தான் பாரோ தீவில் ஆண்டுக்கு 156 லட்சம் டன் திறனுள்ள ஆலையை செவ்ரான் தலைமையிலான கூட்டமைப்பு கட்டியது. முதல் கப்பல் 2016 மார்ச்சில் புறப்பட்டது. பிரித்தெடுத்த கரியமில வாயுவில் குறைந்தது 80 சதவீதத்தைத் தீவுக்கடியில் செலுத்திப் புதைப்பது அனுமதியின் நிபந்தனை. புதைக்கும் வேலை 2019 ஆகஸ்டில்தான் தொடங்கியது. விற்பனைக்குப் பிறகு மூன்றாண்டு கழித்து! இலக்கும் எட்டப்படவில்லை.

ஏன் ஒரு தீவு? 1910 முதல் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. பெருநிலத்தில் அருகிப்போன பாலூட்டிகள் பல அங்கே பிழைத்திருக்கின்றன. கடலாமைகள் முட்டையிட வருகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையமே 2006இல் ஆலை வேண்டாம் என்றுதான் பரிந்துரைத்தது. அரசு அதை மீறி அனுமதி தந்தது. 1960களிலிருந்தே அங்கு எண்ணெய் எடுத்துவந்தார்கள், கேட்க ஆளில்லாத இடம் என்பதே அதன் தகுதி. ஆனால் ‘ஆளில்லாத’ என்ற சொல் ஒரு கட்டமைப்பு. அத்தீவின் பூடி குகையில் 50,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் வாழ்ந்ததை அகழாய்வு காட்டியிருக்கிறது. கடல்மட்டம் உயர்ந்து அது தீவானபோதுதான் அவர்கள் விலகினார்கள். வரலாற்றை வெட்டியெடுத்த பிறகே ஓர் இடம் காலியாகிறது. இந்த வெட்டியெடுத்தலைத்தான் ‘தீவாக்கம்’ என்கிறேன்.

கொச்சி முனையம் 2013இல் இயங்கத் தொடங்கியது. அதுவும் தீவில்தான்: வைப்பின் தீவின் தென்முனையில், புதுவைப்பில். திறன் ஆண்டுக்கு 50 லட்சம் டன். ஆனால் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். அதே புதுவைப்பில் இன்னொரு நிறுவனத்தின் சமையல் எரிவாயு முனையத்தை எதிர்த்தவர்கள்மீது 2017 ஜூனில் போலீஸ் தடியடி நடத்தியது.

இப்போது பெரியவரின் தோப்புக்குத் திரும்பலாம். அவர் சொன்ன நிபந்தனைகள் வதந்தி அல்ல. பெட்ரோலிய, கனிமக் குழாய்ப் பாதைகளுக்கான 1962ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தை எடுப்பதில்லை, நிலத்தில் ‘பயன்பாட்டு உரிமை’யை எடுக்கிறது. உரிமையாளர் அந்தப் பட்டையில் கட்டிடம் கட்டவோ, கிணறோ குளமோ வெட்டவோ, மரம் நடவோ முடியாது. பயன்பாட்டு உரிமைக்குச் சட்டம் சொல்லும் ஈடு சந்தை மதிப்பில் 10 சதவீதம். மரம், பயிர்ச் சேதத்துக்குத் தனி. சுமார் 20 மீட்டர் அகலத்தில், தோப்பின் குறுக்கே நீளமான ஒரு தீவு உருவாகிறது. உடைமை இருக்கிறது, உழைப்பு விலக்கப்படுகிறது. பெயர் அவருடையது, எதிர்காலம் குழாயுடையது. ரெண்டு ஏக்கர்க்காரனுக்கு அந்தப் பட்டை போனால் மிச்சம் இருபுறமும் துண்டுதான்.

விவசாயிகள் கேட்டது வாயு வேண்டாம் என்றல்ல, நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்றுதான். 2013 மார்ச்சில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா சட்டமன்றத்தில் அதையே அறிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் மாநில அரசின் முடிவை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் கெயில் பக்கமே நின்றது. போராட்டம் நிற்கவில்லை. 2022 ஏப்ரலில் தர்மபுரி மாவட்டத்தில், அளவீட்டை எதிர்த்துப் போராடிய விவசாயி ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். 2014 ஜூனில் ஆந்திராவின் நகரத்தில் கெயில் குழாய் வெடித்து 20 பேருக்கு மேல் இறந்ததை இங்கே யாரும் மறந்துவிடவும் இல்லை.

இவர்களை ‘வளர்ச்சிக்கு எதிரிகள்’ என்பது சுலபம். நிலக்கரியையும் டீசலையும்விட எரியும்போது வாயு தூய்மையானது என்ற வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஓசூர்த் தொழிலாளியின் நுரையீரலும் நுரையீரல்தான். ஆனால் சாலையோரம் ஏன் முடியாது என்றால் செலவு, வளைவு, பிற்கால விரிவாக்கம் என்ற கணக்கு வருகிறது. தோப்பின் வழியே போனால் மிச்சமாகும் செலவு எங்கே போகிறது? அது மறைவதில்லை, விவசாயியின் பெயருக்கு மாற்றி எழுதப்படுகிறது. அவ்வளவுதான்.

இதில் ஒரு தலைகீழ் உண்மையும் உண்டு. குழாய் போகாததால் கொச்சி முனையம் பல ஆண்டுகள் தன் திறனில் சிறு பகுதியோடுதான் இயங்கியது. கூற்றநாடு வழியாக மங்களூர்க் கிளை திறக்கப்பட்டதே 2021 ஜனவரியில்தான். கோடிக்கணக்கில் பணத்தைக் கொட்டிய தீவுகள், நிலத்தில் நின்ற சிறு விவசாயிகளைச் சார்ந்திருந்தன. தொலைவில் தனித்து நிற்பதாகக் காட்டப்படும் எதுவும் தனித்தில்லை. இந்தச் சார்பைப் பேசாமல் வைத்திருப்பதே தீவாக்கத்தின் அரசியல். அதைப் பேச வைப்பதே எதிர்ப்பின் அரசியல்.

பாரோ தீவுக்கு வேலைக்குப் போகிறவரின் செருப்பும் பையும் சோதிக்கப்படுகின்றன. வெளியிலிருந்து ஒரு விதைகூட உள்ளே வந்துவிடக் கூடாது, அத்தீவின் உயிர்கள் கெட்டுவிடும் என்று. நல்ல ஏற்பாடுதான். அதே வணிகச் சங்கிலியின் மறுமுனையில், தன் சொந்த மண்ணில் ஒரு மாங்கன்றை ஊன்ற முடியாது என்கிறது சட்டம். இங்கே யாருடைய உயிர் கெடும் என்று யாரும் சோதிக்கவில்லை.

“அது என்னா நெலம்?” என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.