கம்ப்யூட்டர் படுத்தால் கம்பெனியும் படுக்கும்! பனியன் முதலாளிகளே... பேக்கப் எடுத்தாச்சா?

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துபவர்கள் நூலுக்கும் துணிக்கும் இன்சூரன்ஸ் போடுகிறார்கள். பவர் டேபிளில் ஒரு சத்தம் மாறினாலும் உடனே மெக்கானிக்கை கூப்பிடுகிறார்கள். ஆனால் ஆபீஸ் மூலையில், தரையில் தூசி படிந்து கிடக்கும் கம்ப்யூட்டரை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை.

அந்த பெட்டிக்குள் என்னவெல்லாம் இருக்கிறது? டேலி கணக்கு, டிசி விவரம், பேட்டர்ன் பைல், பையருடன் பேசிய மெயில், தொழிலாளர்களின் பி.எப்., இ.எஸ்.ஐ. பட்டியல். ஒருநாள் காலையில் சுவிட்சை போட்டு அது கிளம்பவில்லை என்றால்...? சாயத்துக்கு அனுப்பிய துணி எத்தனை கிலோ என்று சாயப்பட்டறைக்காரரிடமே போய் கேட்க வேண்டி வரும்!

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி தேதியில் இருந்து 72 மாதங்களுக்கு கணக்குகளை பாதுகாத்து வைக்க வேண்டும். "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு சார்" என்று சொன்னால் அதிகாரி விட்டுவிட மாட்டார்.

வெள்ளம் சொன்ன பாடம்

2011-ம் ஆண்டு நவம்பரில் கொட்டிய பேய் மழையை திருப்பூர் மறக்காது. நொய்யலும் ஓடைகளும் பொங்கி ஊருக்குள் புகுந்தன. கரையோர வீடுகள் அடித்து செல்லப்பட்டன. உயிர்ப்பலியும் ஏற்பட்டது.

நனைந்த துணியை துவைத்து காயப்போடலாம். மெஷினை கழற்றி மாட்டலாம். தண்ணீர் புகுந்த ஹார்ட் டிஸ்க் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. எனவே கம்ப்யூட்டரை தரையில் வைக்காதீர்கள். நனைந்து விட்டால் "ஓடுதான்னு பார்ப்போம்" என்று சுவிட்சை போடவே கூடாது. போட்டால் பிழைக்க இருந்ததும் போய்விடும்.

காப்பாற்றிய கரண்ட் கட்!

வெள்ளம் வராத இடத்துக்கும் வைரஸ் வரும். 2017 மே மாதம் "வான்னாக்ரை" வைரஸ் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களை பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டு மிரட்டியது. அதை தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே கொடுத்து விட்டது. போடாதவர்கள்தான் சிக்கினார்கள்.

அடுத்த மாதமே "நோட்பெட்யா" வந்தது. டென்மார்க்கின் பிரபல கப்பல் கம்பெனியான மேர்ஸ்க் ஸ்தம்பித்தது. மும்பை அருகே உள்ள நவசேவா துறைமுகத்தில் ஒரு முனையமே முடங்கியது. அந்த கம்பெனியின் நெட்வொர்க்கை மீண்டும் எழுப்ப தேவையான தகவல், உலகம் முழுவதும் இருந்த அதன் சர்வர்களில் அழிந்து போனது. ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டு ஆபீசில் மட்டும் ஒரே ஒரு பிரதி தப்பியது. எப்படி தெரியுமா? வைரஸ் தாக்கிய நேரத்தில் அங்கே கரண்ட் கட்!

நமக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. இணைப்பில் இல்லாத பிரதிதான் தப்பிக்கும். எந்நேரமும் கம்ப்யூட்டரிலேயே சொருகி வைத்திருக்கும் பென் டிரைவ் பேக்கப் ஆகாது. வைரஸ் அதையும் சேர்த்தே பூட்டிவிடும்.

என்ன செய்யலாம்?

* 3-2-1 கணக்கை மனதில் வையுங்கள். மொத்தம் 3 பிரதி. 2 வகை சாதனம். அதில் 1 கம்பெனிக்கு வெளியே. கழிவு பஞ்சில் தீப்பிடித்தால் ஆபீசோடு பேக்கப்பும் எரிந்துவிடக்கூடாது அல்லவா?

* எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்று கம்பெனியில், ஒன்று வீட்டு பீரோவில். சனிக்கிழமை சம்பளம் போட்டதும் பேக்கப் எடுத்து, இரண்டையும் மாற்றி வையுங்கள். டேலி கணக்கை தினமும் மாலையில் தனியாக எடுப்பது நல்லது.

* மூன்றாவது பிரதியை இன்டர்நெட் சேமிப்பில் போடுங்கள். பாஸ்வேர்டு அக்கவுண்டன்டுக்கு மட்டும் தெரிந்தால் போதாது. முதலாளிக்கும் தெரிய வேண்டும்.

* யு.பி.எஸ். பேட்டரியை அவ்வப்போது சோதியுங்கள். பைல் எழுதும்போது கரண்ட் போனால் கணக்கு கெட்டுவிடலாம்.

* திருட்டு விண்டோஸ் வேண்டாம். அதில் அப்டேட்டை நம்ப முடியாது. "பையர் இன்வாய்ஸ்" என்று தெரியாத முகவரியில் இருந்து வரும் மெயிலை திறக்காதீர்கள்.

* வைரஸ் பூட்டிவிட்டால் முதலில் நெட்வொர்க் கேபிளை பிடுங்குங்கள், வைபையை அணையுங்கள். பிறகு சைபர் கிரைம் உதவி எண் 1930-ல் புகார் செய்யுங்கள். பணம் கட்டினாலும் பைல் திரும்ப வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

எல்லாவற்றையும் விட முக்கியம், எடுத்த பேக்கப் திறக்கிறதா என்று பார்ப்பது. வருஷக்கணக்கில் காலி போல்டரை பேக்கப் எடுத்துக்கொண்டு இருந்தால் என்ன லாபம்? மாதம் ஒருமுறை வேறு ஒரு கம்ப்யூட்டரில் போட்டு, போன மாத பில் ஒன்றை திறந்து பாருங்கள்.

ஆயுத பூஜைக்கு கம்ப்யூட்டருக்கு பொட்டு வைப்பது நல்ல பழக்கம்தான். அதோடு இந்த வாரம் ஒரு பேக்கப்பும் எடுத்து வைத்தால், மழை வந்தாலும் வைரஸ் வந்தாலும் திங்கட்கிழமை காலையில் மெஷின் ஓடும்!